காப்பு நகலும் குடிபெயர்வும்

கணிப்பொறிப் பாடம்: பேக்கப் சர்வரை வேறொரு மெய்நிகர் மேடைக்கு மாற்றுவது எப்படி?



பிழைப்பைத் தேடி ஊர் விட்டு ஊர் வந்த நமக்குக் குடிபெயர்வைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெட்டி படுக்கையைக் கட்டி லாரியில் ஏற்றுவது சுலபம். ரேஷன் அட்டை, கேஸ் இணைப்பு, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் எல்லாம் புது ஊரில் செல்லுபடியாகும்படி வந்து சேர்ந்தனவா என்பதில்தான் சிரமம் இருக்கிறது. கணிப்பொறி உலகத்திலும் இப்படி ஒரு குடிபெயர்வு சில ஆண்டுகளாகப் பெரிய அளவில் நடந்துவருகிறது. நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் அந்த வேலையைச் செய்கிறார்கள். சிறிய மருத்துவமனை, பள்ளிக்கூடம், ஆடிட்டர் அலுவலகம், அச்சகம் என்று சொந்தமாக நடத்தும் அன்பர்கள் அந்த வேலைக்குப் பணம் கொடுக்கிறார்கள். இரு சாராருக்கும் பயன்படும் வகையில், அந்தக் குடிபெயர்வில் மிகக் கவனமாகக் கையாள வேண்டிய ஒரு பகுதியை, அதாவது பேக்கப் சர்வரை இடம் மாற்றுவதை, இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

மெய்நிகர் மேடை என்றால் என்ன?

ஒரு பெரிய வீட்டை நான்கு போர்ஷனாகத் தடுத்து வாடகைக்கு விடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி வாசல், தனி மீட்டர், தனிப் பூட்டு. ஒரு குடித்தனத்தில் நடப்பது அடுத்த குடித்தனத்துக்குத் தெரியாது. ஆனால் அஸ்திவாரம், கிணறு, மின்கம்பி எல்லாம் ஒன்றுதான். இவற்றைப் பங்கிட்டுக் கொடுப்பவர் வீட்டுக்காரர்.

அதுபோலவே ஒரே இயந்திரத்துக்குள் பல கணிப்பொறிகள் இருப்பதாகப் பாவித்து இயக்கும் ஏற்பாட்டுக்கு மெய்நிகர் முறை என்று பெயர். உள்ளே குடியிருப்பவை மெய்நிகர் கணிப்பொறிகள். வீட்டுக்காரர் ஸ்தானத்தில் இருந்து நினைவகம், வட்டு, வலைத்தொடர்பு ஆகியவற்றைப் பங்கிடும் மென்பொருள் ஹைப்பர்வைசர். இந்தப் பாடத்தில் அதை 'மேடை' என்றே அழைப்போம்.

இது புதிய யோசனை அல்ல. ஐபிஎம் நிறுவனம் தன் பெருங்கணிப்பொறிகளுக்காக 1972-லேயே விஎம்/370 என்ற மேடையை அறிவித்தது. சாதாரணக் கணிப்பொறிகளுக்கு இந்த வசதியைக் கொண்டுவந்து பெயர் பெற்றது 1998-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம். சர்வர்களுக்கான அதன் ஈஎஸ்எக்ஸ் மேடை 2001-இல் வந்தது. 2003-இல் ஜென் வெளியானது. 2007-இல் கேவிஎம் லினக்ஸின் ஒரு பகுதியாகவே சேர்க்கப்பட்டது. 2008-இல் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி வந்தது. அதே ஆண்டு, கேவிஎம்மை அடிப்படையாகக் கொண்ட ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மேடையை ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்து நிறுவனம் ஒன்று வெளியிட்டது.

ஏன் இந்தக் குடிபெயர்வு?

வீட்டுக்காரர் மாறினால் வாடகையும் மாறும் என்பது நமக்குத் தெரிந்ததே. 2023 நவம்பர் 22 அன்று பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கி முடித்தது. அடுத்த மாதமே, ஒரு தடவை பணம் கொடுத்து நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டது. இனிமேல் சந்தா மட்டுமே என்று ஆயிற்று. சிறிய அலுவலகங்களும் மாணவர்களும் பயன்படுத்திவந்த இலவச ஈஎஸ்எக்ஸ்ஐ 2024 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் மீண்டும் வந்தது. ஏழாம் பதிப்புக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

இதனால் பலரும் வேறு மேடை தேட ஆரம்பித்தார்கள். ப்ராக்ஸ்மாக்ஸ் திறந்த மூலநிரல் கொண்டது. உரிமக் கட்டணம் இல்லாமல் பயன்படுத்தலாம்; உதவி வேண்டுவோர் மட்டும் சந்தா கட்டலாம். 2024 ஏப்ரலில் வந்த அதன் 8.2 பதிப்பில், ஈஎஸ்எக்ஸ்ஐயில் இருக்கும் மெய்நிகர் கணிப்பொறிகளை நேராக இழுத்துக்கொள்ளும் வசதி சேர்க்கப்பட்டது. ஆகவே சாதாரண சர்வர்களைக் கொண்டுபோவது முன்போலக் கஷ்டமில்லை. ஆனால் பேக்கப் சர்வர் சாதாரண சர்வர் அல்ல. மற்றவை கெட்டால் பேக்கப் சர்வர் காப்பாற்றும். பேக்கப் சர்வரே கெட்டால் யார் காப்பாற்றுவது?

மைசூரில் ஓர் உதாரணம்

நகலின் அருமையை அறிய நாம் வெகுதூரம் போக வேண்டாம். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு மைசூரில்தான் இருக்கிறது. உதகமண்டலத்தில் இருந்த அந்த அலுவலகம் 1966-இல் இங்கே வந்தது. கல்வெட்டின் மேல் ஈரக் காகிதத்தை ஒட்டி, தூரிகையால் தட்டி எழுத்தின் பள்ளங்களில் பதியவைத்து, மேலே மை ஒற்றி எடுக்கும் படிக்கு மைப்படி என்று பெயர். தென்னிந்தியக் கோயில்களில் பல தலைமுறைகளாக எடுக்கப்பட்ட மைப்படிகள் இந்த அலுவலகத்தில் சேர்ந்தன. திருப்பணியின்போதும் வேறு காரணங்களாலும் கல் அழிந்துபோன இடங்களில் மைப்படி ஒன்றே ஆதாரமாக நிற்கிறது. அப்போது நகல்தான் மூலம்.

2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்ற உத்தரவிட்டது. அதையடுத்து ஆயிரக்கணக்கான மைப்படிகள் சென்னைக்குப் போயின. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மைப்படிக் கட்டு மட்டும் போய்ச் சேர்ந்தால் போதாது. எந்த ஊர், எந்தக் கோயில், எந்தச் சுவர், எந்த ஆண்டு எடுத்த படி என்று சொல்லும் பதிவேடும் கூடவே போக வேண்டும். பதிவேடு இல்லாத மைப்படி வெறும் கறுப்புக் காகிதம்தான்.

பேக்கப் சர்வரும் இப்படியே. அதில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, சேமிப்புக் கிடங்கு: நகல்கள் அடுக்கப்பட்டுள்ள பெரிய வட்டு. இரண்டு, பதிவேடு: எந்த நாளின் எந்த நகல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் தரவுத்தளமும் அமைப்புகளும். மூன்று, சாவி: நகல்களை யாரும் படிக்காதபடி பூட்டிவைத்திருந்தால் அதைத் திறக்கும் பாஸ்வேர்டு. இந்த மூன்றில் ஒன்று வந்து சேராவிட்டாலும் குடிபெயர்வு தோற்றது என்றே கொள்ள வேண்டும். கிடங்கும் சாவியும் இருந்து பதிவேடு மட்டும் தொலைந்தால், கிடங்கை முழுதும் படித்துப் பதிவேட்டைத் திரும்ப எழுதும் வசதி பல மென்பொருள்களில் உண்டு, நேரம்தான் பிடிக்கும். சாவி தொலைந்தால் மாற்று வழி கிடையாது.

பிறர் பட்ட பாடு

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் கை தவறித் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடிப் போனபோது கிடங்கு காலியாக இருந்தது. நகல் எடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாததால் வேலை நாள்தோறும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறொரு காரியத்துக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்துவைத்த ஒரு ஸ்நாப்ஷாட்தான் அவர்களைக் காப்பாற்றியது. இதையெல்லாம் அந்த நிறுவனமே ஒளிவுமறைவின்றி வெளியிட்டது.

2019-இல் மைஸ்பேஸ் நிறுவனம், சர்வர் இடம் மாற்றியபோது பயனாளர்கள் பல ஆண்டுகளாக ஏற்றிவைத்திருந்த பாட்டுகளும் படங்களும் போய்விட்டன என்று அறிவித்தது. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையம் ஒன்றில், பேட்டரிகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த 858 டெராபைட் கிடங்குக்கு வெளியில் நகலே இல்லை, அது எரிந்துபோயிற்று.

முதல் நிகழ்ச்சி நமக்குச் சொல்வது, மீட்டுப் பார்க்காத நகலை நகல் என்று எண்ணக்கூடாது என்பது. மற்ற இரண்டும் சொல்வது, இடம் மாற்றும் நேரமே ஆபத்து மிகுந்த நேரம் என்பது. பேக்கப் சர்வரை இடம் மாற்றும்போது இவை இரண்டும் ஒன்றுசேர்ந்துவிடுகின்றன.

இரண்டு வழிகள்

பேக்கப் சர்வர் பெரும்பாலும் 'அப்ளையன்ஸ்' என்ற வடிவில் வருகிறது. இயக்க அமைப்பு, மென்பொருள், தரவுத்தளம் எல்லாவற்றையும் தயாரிப்பாளரே சேர்த்துக் கட்டிக் கொடுத்த ஒரு பொட்டலம் அது. இதை மாற்ற இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, அப்படியே பெயர்த்துக்கொண்டு போவது. விஎம்வேரின் வட்டுக் கோப்பு விஎம்டிகே என்ற வகை, ஹைப்பர்-வியில் விஎச்டிஎக்ஸ், கேவிஎம் மேடைகளில் க்யூகவ்2 அல்லது ரா. ஒரு வகையை மற்றொன்றாக மாற்றித் தரும் இலவசக் கருவி க்யூ-எமு தொகுப்பிலேயே இருக்கிறது. மாற்றிய வட்டைப் புதிய மேடையில் பொருத்தி இயக்க வேண்டும்.

இரண்டாம் வழி, புதிய மேடையில் புதிதாக ஒரு அப்ளையன்ஸை நிறுவி, பழையதன் அமைப்புகளை ஏற்றுமதி செய்து இதில் இறக்கி, கிடங்கை மட்டும் கொண்டுவந்து இணைப்பது.

பேக்கப் சர்வரைப் பொறுத்தவரை இரண்டாம் வழியே பெரும்பாலும் நல்லது. பழைய மேடைக்கென்று கட்டப்பட்ட பொட்டலத்தில் பழைய மேடையின் டிரைவர்கள் இருக்கும்; தயாரிப்பாளர் நம்மை உள்ளே புகுந்து திருத்த விடமாட்டார். பெயர்த்துவந்த அப்ளையன்ஸுக்கு அவர் உதவி தர மறுக்கவும் கூடும். அதனால் முதல் வேலையாகத் தயாரிப்பாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். புதிய மேடைக்கான பொட்டலம் உங்களிடம் உண்டா? பழைய அமைப்புகளை அதில் இறக்கலாமா? பழைய மேடையில் எடுத்த நகல்களைப் புதிய மேடையில் மீட்க முடியுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்று எழுத்தில் பதில் வந்த பிறகே தேதி குறிக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். பேக்கப் சர்வர் புதிய மேடையில் குடியிருப்பது வேறு, புதிய மேடையில் இருக்கும் கணிப்பொறிகளுக்குக் காவல் காப்பது வேறு. ஒவ்வொரு மேடையும் நகல் எடுக்கத் தனித்தனி வாசல் வைத்திருக்கிறது. புது வீட்டில் நன்றாகக் குடியேறிவிட்ட காவல்காரருக்கு அந்தத் தெருவின் பாஷை தெரியாமல் போகலாம் அல்லவா? உதாரணமாக, வீம் என்ற பெயர் பெற்ற பேக்கப் மென்பொருளுக்கு ப்ராக்ஸ்மாக்ஸ் மேடையைக் காக்கும் திறன் 2024-இல் வந்த 12.2 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய பதிப்பை வைத்திருப்பவர் முதலில் பதிப்பை உயர்த்த வேண்டும்.

புறப்படும் முன்

கீழ்க்கண்டவற்றை ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள்.

1. காக்கப்படும் எல்லாக் கணிப்பொறிகளுக்கும் ஒரு முழு நகல் எடுத்து, அதில் ஒன்றையாவது பழைய மேடையிலேயே மீட்டுப் பாருங்கள். இங்கே மீளாதது அங்கே மீளாது.

2. பூட்டின் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி, உறையில் இட்டு, சர்வர் அறைக்கு வெளியே பத்திரப்படுத்துங்கள். எழுதியது சரிதானா என்று அதைக் கொண்டே ஒரு நகலைத் திறந்து சோதியுங்கள்.

3. பேக்கப் சர்வரின் அமைப்புகளை ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பை வேறொரு இடத்தில் வையுங்கள். அந்த சர்வரிலேயே வைப்பது, பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவது போல.

4. ஐபி முகவரி, கேட்வே, டிஎன்எஸ், மேக் முகவரி, நேர மண்டலம், பயாஸ் முறையா யூஇஎஃப்ஐ முறையா என்ற விவரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சில உரிமங்கள் மேக் முகவரியோடு கட்டுண்டவை; புதிய மேடையில் அது மாறினால் உரிமம் செல்லாது.

5. ஸ்நாப்ஷாட்டுகள் இருந்தால் நீக்கி ஒன்றாக்குங்கள். ஸ்நாப்ஷாட்டோடு வட்டைப் பெயர்த்தால், அதற்குப் பிறகு நடந்த மாற்றங்கள் விட்டுப்போகும்.

6. விண்டோஸ் கணிப்பொறிகளில் புதிய மேடைக்கான விர்ட்டையோ டிரைவரைப் புறப்படும் முன்பே நிறுவுங்கள். பழைய மேடையின் விஎம்வேர் டூல்ஸை நீக்கிவிடுங்கள். போன பிறகு செய்யலாம் என்று விட்டால், வட்டைக் காண முடியாமல் விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடக்கூடும்.

7. புதிய பேக்கப் சர்வர் எந்த இயந்திரத்தில் அமர்கிறது என்று பாருங்கள். அது காக்க வேண்டிய கணிப்பொறிகள் இருக்கும் அதே இயந்திரத்தில் அமர்ந்தால், அந்த இயந்திரம் கெடும்போது காவலும் சேர்ந்து போய்விடும். முடிந்தவரை தனி இயந்திரம் கொடுங்கள். முடியாவிட்டால் கிடங்கையாவது தனிப் பெட்டியில் வையுங்கள்.

நேரக் கணக்கு

ஒரு சிறிய அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். கணக்கு, கோப்பு, வருகைப் பதிவு என்று மூன்று மெய்நிகர் கணிப்பொறிகள். சேர்த்து 800 ஜிகாபைட். பேக்கப் சர்வரின் இயக்க வட்டு 60 ஜிகாபைட். கிடங்கில் 4 டெராபைட் நகல்கள். வலைத்தொடர்பு ஒரு கிகாபிட் வேகம். நடைமுறையில் வினாடிக்கு 110 மெகாபைட் கிடைக்கிறது என்று கொள்வோம்.

இயக்க வட்டு: 60,000-ஐ 110-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 545 வினாடி, அதாவது 9 நிமிடம். கிடங்கு: 40,00,000-ஐ 110-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 36,400 வினாடி, அதாவது 10 மணி நேரத்துக்குச் சற்று மேல். சரிபார்க்க மறுபடி ஒருமுறை படிக்க வேண்டியிருப்பதால் அதற்கும் இவ்வளவு நேரம் ஒதுக்குங்கள். சனிக்கிழமை மாலை தொடங்கினால் ஞாயிறு பிற்பகலில் முடியும். வெள்ளிக்கிழமை இரவு தொடங்கி, சனிக்கிழமை கடை திறப்பதற்குள் முடிக்கலாம் என்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

மாற்றும் நாள்

முதலில் பழைய சர்வரில் நேரம் குறித்துவைத்த எல்லா வேலைகளையும் நிறுத்துங்கள். பழையதும் புதியதும் ஒரே கிடங்கில் ஒரே சமயத்தில் எழுதக்கூடாது. இருவர் ஒரே கணக்கு நோட்டில் எழுதினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் ஆகும். ஒரே ஐபி முகவரியோடு இரண்டும் வலையில் இருப்பதும் கூடாது.

பிறகு கிடங்கை நகலெடுங்கள். வெட்டி ஒட்டுதல் வேண்டாம், நகல் மட்டுமே. கோப்புகள் போய்ச் சேர்ந்ததும் இருபுறமும் செக்சம் எடுத்து ஒப்பிடுங்கள். எஸ்எச்ஏ-256 போன்ற முறைகள் ஒரு கோப்புக்குக் கைரேகை போல ஓர் எண்ணைத் தரும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த எண் மாறிவிடும். எண் ஒத்தால் கோப்பும் ஒத்தது என்று நம்பலாம்.

அடுத்து, புதிய அப்ளையன்ஸில் அமைப்புகளை இறக்குங்கள், கிடங்கை இணையுங்கள், பாஸ்வேர்டைக் கொடுங்கள், பழைய நகல்களின் பட்டியல் முழுதும் தெரிகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

முதல் வழியில், அதாவது அப்படியே பெயர்த்துப் போகிறவர்கள் கூடுதலாக மூன்றைக் கவனிக்க வேண்டும். பழையது எந்த முறையில் தொடங்கியதோ, பயாஸோ யூஇஎஃப்ஐயோ, புதியதையும் அதே முறையில் அமைக்க வேண்டும். வட்டை முதலில் சாதாரண சாட்டா வகையாகப் பொருத்தித் தொடங்கி, எல்லாம் சரியானபின் வேகமான விர்ட்டையோ வகைக்கு மாற்றலாம். வலை அட்டையின் பெயர் மாறியிருக்கும். லினக்ஸில் விஎம்வேரின்கீழ் ஒரு பெயர், ப்ராக்ஸ்மாக்ஸின்கீழ் வேறு பெயர். பழைய பெயரில் எழுதிவைத்த முகவரி அமைப்பு வேலை செய்யாது. 'சர்வர் ஓடுகிறது, ஆனால் வலையில் காணவில்லை' என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

மாறிய பிறகு

காக்கப்படும் கணிப்பொறிகளையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவருகிறோம். ஒன்று வந்ததும் அதற்கு உடனே ஒரு நகல் எடுக்க வேண்டும். அந்த முதல் நகல் வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தால் கலங்க வேண்டாம். நேற்றிலிருந்து இன்றுவரை வட்டின் எந்தக் கட்டங்கள் மாறின என்ற குறிப்பைப் பழைய மேடை வைத்திருந்தது. புதிய மேடையிடம் அந்தக் குறிப்பு இல்லை. ஆகவே முதல் தடவை வட்டு முழுவதையும் படித்தாக வேண்டும். பல மென்பொருள்கள் அதைப் புதிய கணிப்பொறி என்றே கருதி முழு நகலாகச் சேமிக்கும். நம் உதாரணத்தில் 800 ஜிகாபைட், பாதியாகச் சுருங்கினாலும் 400 ஜிகாபைட் இடம் கூடுதலாக வேண்டும். கிடங்கு முன்பே நிரம்பி வழிந்தால் முதல் இரவே வேலை நின்றுவிடும்.

அடுத்ததுதான் இந்தப் பாடத்தின் உயிர்நாடி: மீட்புச் சோதனை. இதை நான்கு படிகளாகச் செய்யுங்கள். ஒரு தனிக் கோப்பை மீட்டுத் திறந்து பாருங்கள். ஒரு முழுக் கோப்புறையை மீட்டு எண்ணிக்கை பாருங்கள். ஒரு முழுக் கணிப்பொறியை, மற்ற வலையோடு சேராத தனி வலையில் மீட்டு இயக்குங்கள். கடைசியாக, அதில் உள்ள கணக்கு மென்பொருளைத் திறந்து, குறிப்பிட்ட ஒரு தேதியின் இருப்புத் தொகை பழைய அச்சுப் பிரதியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இந்த நான்காம் படியைக் கணிப்பொறிக்காரர் மட்டும் செய்ய முடியாது. கணக்கு எழுதுபவர் பக்கத்தில் உட்கார வேண்டும். மூன்று படிகளோடு நிறுத்திக்கொள்பவர்கள், இயந்திரம் மீண்டது என்பதை மட்டுமே அறிகிறார்கள். வேலை மீண்டதா என்பதை அறிவதில்லை.

சோதனையில் ஒரு நகல் புதியதாகவும் இன்னொன்று இடம் மாறுவதற்கு முன் எடுத்த பழையதாகவும் இருக்கட்டும். பழைய நகல் விஎம்வேரில் எடுக்கப்பட்டது. அதற்குள் பழைய டிரைவர்கள்தான் இருக்கும். அது புதிய மேடையில் எழுந்து நிற்கிறதா என்பது தனியே சோதிக்க வேண்டிய விஷயம்.

பழையதை எப்போது விடுவது?

வீட்டைக் காலி செய்தபின் சாவியை உடனே கொடுத்துவிடுவோம். பேக்கப் சர்வர் விஷயத்தில் அப்படிச் செய்யலாகாது. புதியதில் குறைந்தது ஒரு மாத முடிவுக் கணக்காவது நகலாகி, மீட்புச் சோதனையும் தேறும்வரை, பழைய சர்வரை நிறுத்திவையுங்கள், அழிக்காதீர்கள்.

சட்டமும் இதில் பேசுகிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி, கம்பெனியாகப் பதிவான நிறுவனம் தன் கணக்குப் புத்தகங்களைக் குறைந்தது எட்டு நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். மின்னணு வடிவில் கணக்கு வைப்பவர்கள், இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் காப்பு நகல் எடுக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. ஆகவே மேடை மாற்றும் வேலைக்காக ஒரு வாரம் நகல் எடுக்காமல் விடுவது தொழிலுக்கும் ஆபத்து, விதிக்கும் முரண். பழையது நின்று புதியது ஓடத் தொடங்கும்வரை, கணக்குக் கோப்பை மட்டுமாவது தினமும் ஒரு வெளி வட்டில் எடுத்துவையுங்கள்.

எட்டு ஆண்டுக் கணக்கைப் பழைய மேடையின் வட்டுக் கோப்புகளாகவே வைத்திருப்பதும் அறிவுடைமை அன்று. அவற்றைத் திறக்க அன்று எந்தக் கருவி இருக்குமோ தெரியாது. முடிந்த ஆண்டுகளின் பேரேடு, நாளேடு, இருப்புநிலைக் குறிப்பு ஆகியவற்றைப் பிடிஎஃப் ஆகவும் சாதாரண அட்டவணைக் கோப்பாகவும் எடுத்துத் தனியே வையுங்கள். எந்த மேடையையும் நம்பியிராத நகல் அதுவே.

வீட்டுக்கும் உண்டு பாடம்

சர்வர் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமா இது? நம் வீடுகளில் பேசியும் வாழ்ந்தும் சேர்த்த செல்வம் இன்று கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் இருக்கிறது. ஊரில் இருக்கும் பாட்டியின் குரல், கலியாண வீடியோ, தாத்தா எழுதிய கடிதத்தின் படம், பட்டா நகல். புதுக் கைப்பேசி வாங்கும்போது, ஒரு இணையச் சேமிப்பை விட்டு இன்னொன்றுக்கு மாறும்போது, மேலே சொன்ன அதே குடிபெயர்வுதான் நடக்கிறது. பழைய கைப்பேசியைக் கடையில் மாற்றிக் கொடுத்தபின் 'அந்தப் படங்கள் வரவில்லையே' என்று தேடுவதில் பயனில்லை.

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் சொன்ன 3-2-1 கணக்கு பிள்ளைகளுக்கும் எளிதில் விளங்கும். எதற்கும் மூன்று பிரதி. இரண்டு வகைச் சாதனம். ஒன்றாவது வேறு இடத்தில். நமக்கோ அந்த வேறு இடம் தேட வேண்டியதே இல்லை. மைசூரில் ஒரு வீடு, சொந்த ஊரில் ஒரு வீடு என்று இருப்பவர்கள்தாமே நாம்! பொங்கலுக்கோ ஆடி மாதத் திருவிழாவுக்கோ ஊருக்குப் போகும்போது ஒரு வட்டை எடுத்துப்போய் அண்ணன் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு, அடுத்த முறை போகும்போது புதிய வட்டை வைத்துப் பழையதை எடுத்துவரலாம்.

பெற்றோருக்கு ஒரு சிறு வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூப்பிட்டு, சேமித்துவைத்த படங்களில் ஐந்து ஆண்டுக்கு முந்தைய ஒரு படத்தைக் காப்பு நகலிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கைப்பேசியிலிருந்து அல்ல, காப்பு நகலிலிருந்து. ஐந்து நிமிடத்தில் படம் வந்தால் நிம்மதி. வராவிட்டால், எங்கே தடைப்பட்டது, கிடங்கா, பதிவேடா, சாவியா என்று சேர்ந்தே கண்டுபிடியுங்கள்.